இரண்டாவது பொட்டலம்

"சிவப்பு வரணுமே வடிவு. வராட்டி இந்தப் புள்ள படிப்ப மூட்ட கட்டி வச்சிட்டு கொழுந்து பறிக்கப் போயிரும்."

"வரும்க்கா."

"அதெப்புடி அவ்வளவு உறுதியா சொல்ற?"

"நான்தானே பூ கட்டுறேன்."

ராசம்மா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். கோயிலுக்குப் பின்னால், தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் பேசிய பேச்சு இது. எங்கள் இரண்டு பேரில் ஒருவர் மட்டும்தான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்.

தேத்தண்ணீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், தலைவர் அண்ணே. இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன். லோஜனின் ஆட்டோ இன்னும் மலை ஏறவில்லை. ஏறத் தொடங்கினால் பாட்டு இங்கே கேட்கும். பாண், பணிஸ் என்று பேக்கரிச் சாமான் விற்கிற ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து, மணப்பெண்ணைக் கல்யாணப் பதிவுக்குக் கூட்டிப்போகிற மாப்பிள்ளை இந்த மலைநாட்டிலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். கௌசி உள்ளே சேலை மடிப்பு வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அவள் கணித டீச்சர், மடிப்பு ஒவ்வொன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர். வந்து உட்கார்ந்ததும், "கௌசி சொன்னது உண்மையா வடிவு?" என்று கேட்டுவிட்டீர்கள். கோயில் கமிட்டித் தலைவர் கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கு உங்கள்மேல் வருத்தம் இல்லை. உண்மைதான். ஆனால் அடியிலிருந்து சொன்னால்தான் நான் என்ன நினைத்துச் செய்தேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு காரியத்தை மனதில் நினைத்துக்கொண்டு ஆட்கள் கோயிலுக்கு வருவார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் சிவப்பு ரோஜா, இன்னொன்றில் வெள்ளை ரோஜா. இரண்டும் என் வாசலில் பூக்கிறவை. ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பேன். ஒரு சின்னப் பிள்ளை வந்து ஒன்றை எடுக்கும். சிவப்பு வந்தால் அம்மா உத்தரவு கொடுத்துவிட்டாள். வெள்ளை வந்தால் வேண்டாம் என்கிறாள். லோஜனுடைய ஊர் வட்டவளை. அங்கே அவர்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் இது அப்படியே தலைகீழ், வெள்ளைதான் உத்தரவு. அங்கேயும் மாரியம்மன், இங்கேயும் மாரியம்மன். ஹட்டனில் ரயில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காருவதற்குள் இறங்க வேண்டிய தூரம். அந்தத் தூரத்துக்குள்ளேயே உண்மை நிறம் மாறிவிடுகிறது. நான் குதர்க்கம் பேசவில்லை அண்ணே. சும்மா யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பிள்ளை எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் அம்மாவைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். கட்டினவர் கையாலேயே அது ஓடைக்குப் போகும். என் அப்பா இராமையா இந்தக் கோயிலுக்குப் பூக் கட்டின காலத்திலிருந்தே அப்படித்தான். நான் செய்த காரியத்துக்கெல்லாம் துணையாக இருந்தது நம் ஆட்களின் அந்த மரியாதைதான்.

நான் இரண்டு பொட்டலத்திலும் ஒரே நிறப் பூவை வைத்தேன். அவ்வளவுதான்.

தொடக்கத்தில் நேர்மையாகத்தான் கட்டினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளை வந்ததும் ஆட்களின் முகத்தில் துக்கம் வரும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. ஒரு நிம்மதி வரும். கடை போடலாமா என்று கேட்டு வந்தவர், வெள்ளையைப் பார்த்ததும் தோளில் இருந்த மூட்டையை இறக்கினவர் மாதிரி வீட்டுக்குப் போவார். அது என் மனதை அரித்தது. நம் ஆட்கள் உத்தரவுக்குப் பழகினவர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றால் இன்ன மலைக்குப் போ என்று ஒருவர் சொல்வார், போவோம். எவ்வளவு செங்குத்தான மலையானாலும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறுவோம். அதே ஆளைக் கூப்பிட்டு, உனக்குப் பிடித்த மலையில் நீயே ஏறு என்று சொல்லிப் பாருங்கள், கால் நடுங்கும். காலில் பலம் இல்லாமலா? பலம் இருக்கிறது. உத்தரவுதான் இல்லை.

என்னிடம் உத்தரவு இருந்தது. வாசல் முழுக்கச் சிவப்பாகப் பூத்துக் கிடந்தது.

முதல் ஆள் ராசம்மா அக்காவின் மகள் சுதர்ஷினி. உயர்தரப் பரீட்சையில் தோற்றுப்போய், இன்னொரு தடவை எழுதவா வேண்டாமா என்று கேட்டு வந்தாள். சிவப்பு வந்தது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு படித்த படிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சமையலறையில் அகப்பையைப் பிடித்துக்கொண்டு பாடம் சொல்லும். இன்றைக்குத் தாதியாக இருக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது எனக்கு ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தாள்.

"அம்மா உத்தரவு குடுத்த பொறகு பெயிலாகி வந்தா அம்மாவுக்குத்தானே அசிங்கம் சித்தி? அந்தப் பயத்துலயே படிச்சேன்" என்றாள்.

இதைப் பொய் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். அம்மா உத்தரவு கொடுத்தாள் என்று சுதர்ஷினி நம்பினாள். நம்பினதால் படித்தாள். படித்ததால் தேறினாள். கடைசியில் பார்த்தால் அம்மா உத்தரவு கொடுத்ததாகத்தானே ஆகிறது? நம்புவதற்கு முன்னால் பொய்யாக இருந்தது, நம்பின பிறகு உண்மையாகிவிடுகிறது. சோறு வேகிற மாதிரிதான் அண்ணே. அரிசியாக இருக்கும்போது பிடித்து, இது சோறு இல்லை என்று சண்டை போட்டால் எப்படி?

அடுத்தது நீங்கள். ஆமாம், நீங்கள்தான். கோப்பையைக் கீழே வைக்க வேண்டாம், கேளுங்கள். நெஞ்சில் ஒப்பரேஷன் செய்ய வேண்டும், கண்டிக்கு வா என்று டொக்டர் சொன்னார். நீங்கள் என்னிடம் வந்து என்ன சொன்னீர்கள்? "வெள்ள வந்தா விட்டுருவோம் வடிவு. கண்டியெல்லாம் தூரம்." நான் எதை வைத்திருப்பேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கௌசி இதைக் கேட்டபோது, "அவரு செத்திருந்தா?" என்றாள். சாகவில்லையே. என் முன்னால் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுகிறீர்கள்.

அழகனுக்கும் சிவப்புதான் கொடுத்தேன். கட்டாருக்கு வேலைக்குப் போகலாமா என்று கேட்டு வந்தான். நல்ல உழைப்பாளி. இங்கே லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து கேரம் அடித்துக்கொண்டு வீணாகிப் போய்க்கொண்டிருந்தான். அங்கே போய் நன்றாகத்தான் இருந்தான். பிறகு ஒரு மெஷினில் கை மாட்டிக்கொண்டது. இடது கைதான். இப்போது நோர்வூட்டில் போன் ரீலோட் கடை வைத்திருக்கிறான், அதற்கு வலது கை போதும். அவன் பெண்டாட்டி பேச்சியம்மா திருவிழாவுக்குத் திருவிழா தேங்காய் உடைக்கிறாள். "அம்மா உத்தரவு இல்லாம போயிருந்தா உசுரே போயிருக்கும் வடிவக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நான் அவளைத் திருத்தவில்லை. அடுத்தவருடைய நம்பிக்கையில் கைவைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் யாருக்கும் என் லாபத்துக்காகப் பூ வைத்ததில்லை. இதை நீங்கள் கமிட்டியில் சொல்லலாம்.

சரி, கௌசி.

எங்கள் அம்மா இவளைப் பெற்ற கையோடு போய்விட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது நான் தாவணி போட்ட பிள்ளை. பால்மாப் போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் இவளைத் தூக்கிச் சுமந்தேன். தங்கச்சி என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. இவளுக்கு முதல் பல் விழுந்தபோது அதைக் கூரையில் எறிந்தது நான். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்தபோது, லயம் முழுக்கக் கற்கண்டு கொடுத்தது நான். இவளுக்குள் என்ன இருக்கிறது என்று இந்தத் தோட்டத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

லோஜன் அந்த நாளில் நோர்வூட் பேக்கரி ஒன்றில் வேலை. பாண் ஆட்டோ ஓட்டி வருவான். எல்லா லயத்து வாசலிலும் பாட்டு ஒரு தரம் கேட்கும், எங்கள் வளைவில் மட்டும் ஓயவே ஓயாது. பாண் வாங்கினால் பணிஸ் ஒன்று கூட வரும். "கணக்குத் தப்பா இருக்கே?" என்று கௌசி கேட்பாள். "டீச்சராகப் போற ஆளு, நீங்களே திருத்திக்கங்க" என்பான் அவன். நான் உள்ளே இருந்து கேட்டுச் சிரித்திருக்கிறேன். நல்ல பையன். வாய் நிறைய சிரிப்பு, கை நிறைய மாவு. அவனிடம் ஒரு குறை சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் கௌசி வந்து, லோஜனைக் கட்டிக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்க வேண்டும் என்றாள். நான் தலையைத் தடவிவிட்டு, கேட்போம் என்றேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்தேன்.

ஏன் என்று உங்களுக்கே தெரியும். அப்போது கட்டியிருந்தால் பேக்கரியில் பணிஸ் உருட்டிக்கொண்டு இருந்திருப்பாள். கல்வியியல் கல்லூரிக்குப் போயிருக்க மாட்டாள். டீச்சர் ஆகியிருக்க மாட்டாள். அவளுக்குள் இருந்தது வெளியே வந்ததா இல்லையா? வந்தது. கொஞ்ச நாள் அழுதாள். சத்தம் போட்டுக்கூட அழவில்லை. பாத்திரம் கழுவும்போது அழுவாள், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

லோஜன் என்ன செய்தான் தெரியுமா? வெள்ளை வந்தது என்று கேட்டுவிட்டு, எங்கள் வாசல் படியில் நின்று பல்லைக் காட்டினான்.

"எங்க வட்டவளையில வெள்ளைன்னா உத்தரவுக்கா."

"இது வட்டவள இல்ல தம்பி. இங்க வெள்ளைன்னா வேணாம்னு அர்த்தம்."

"கௌசிக்கு வேணாம்னு அர்த்தம். எனக்கு உத்தரவுன்னு அர்த்தம். அதனால நான் காத்திருக்கேன். நீங்க அவங்கள படிக்க வைங்க."

பாருங்கள், நம்பிக்கை என்றால் இதுதான். நான் அந்த ஆசையை அணைப்பதற்காக வைத்த பூவை எடுத்து அவன் விளக்கு ஏற்றிக்கொண்டான். எனக்கு அவன்மேல் மதிப்புக் கூடிவிட்டது. அன்றைக்கு அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

இரண்டாவது தடவை, நாட்டில் பெட்ரோல் இல்லாமல் கிடந்த அந்த வருடம். கௌசி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். லோஜனின் ஆட்டோ நின்றுபோனது. அவன் பாண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நோர்வூட்டிலிருந்து நடந்தே வருவான். பாட்டு இல்லை என்பதற்காக, அந்தப் பாட்டை வாயால் சீட்டி அடித்துக்கொண்டே வருவான். சுருதி சேரவே சேராது. லயத்து நாய்கள் எல்லாம் பின்னால் ஊளையிட்டுக்கொண்டு வரும். கௌசி சிரித்துச் சிரித்துக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்போடேயே என்னிடம் வந்து, "இன்னொரு தரம் கேப்போம்க்கா" என்றாள்.

வெள்ளை.

பட்டப்படிப்பு ஒன்று பாக்கி இருந்தது. அதையும் முடிக்கட்டும் என்று நினைத்தேன். முடித்தாள். பின் லோஜன் சொந்த ஊருக்குப் போய், வட்டவளையில் சின்னதாக ஒரு பேக்கரி தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இங்கே வருவான், ஆட்டோவில், பாட்டோடு.

மூன்றாவது தடவை போன மாதம். உங்கள் பேத்தி நிலக்ஷிதான் எடுத்தாள். வெள்ளை. அதற்கு என்ன காரணம் என்றால், சொல்கிறேன். காரணம் இருந்தது. அவளைப் பள்ளிக்கூட அதிபராக்கும் பேச்சு ஒன்று இருந்ததாக ஞாபகம். இல்லை, அது வேறு டீச்சர். இருங்கள், யோசித்துச் சொல்கிறேன்.

அன்றைக்கு நடந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். நிலக்ஷி எடுத்ததைப் பிரித்துக் காட்டினேன். நான் மற்றப் பொட்டலத்தை ஓடையில் விடக் கையை நீட்டினேன். அதற்கு முன்னால் கௌசியின் கை போய்விட்டது.

"அதப் பிரிக்கக் கூடாது கௌசி. அம்மாவ நம்பலன்னு ஆயிரும்."

"விடை வந்த பொறகு சரிபாக்கணும்க்கா. பாக்காத புள்ளைங்களுக்கு நான் புள்ளி குறைக்கிறேன். நானே பாக்காம போனா எப்புடி?"

நாரை அறுத்து இலையை விரித்தாள். உள்ளே வெள்ளை ரோஜா. அன்று காலையில்தான் பறித்தது, ஒரு இதழ்கூட வாடவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பெருமையாக இருந்தது. இந்தத் தோட்டத்தில் இத்தனை காலமாக எவருக்கும் வராத தைரியம் என் பிள்ளைக்கு வந்துவிட்டது. அவளைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை. அதைச் சொல்லியும் விட்டேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், ஆனால் கரும்பலகை முன்னால் நிற்கிற பிள்ளையைக் கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டாள்.

"மொத தரம் படிக்கணும்னு வச்ச. சரி. ரெண்டாவது தரம் பட்டம்னு வச்ச. சரி. இப்ப எதுக்குக்கா வச்ச?"

நான் குனிந்து அறுந்து கிடந்த நாரைப் பொறுக்கத் தொடங்கினேன்.

அவள் பூவைக் கூந்தலில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் லோஜனுக்குப் போன் எடுத்து, "வட்டவளைக் கணக்குப்படி எனக்கு ஒரே நாள்ல ரெண்டு பொட்டலத்துலயும் உத்தரவு வந்திருக்கு, பதிவுக்கு நாள் பாருங்க" என்றாள். போனில் அவன் போட்ட கூச்சல் அடுத்த லயத்துக்குக் கேட்டது.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சொல்லாவிட்டால் நீங்களாக ஏதாவது நினைத்துக்கொள்வீர்கள். எனக்கும் ஒருவர் கேட்டு வந்தார். கௌசி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். ஹட்டன் பஜாரில் துணிக்கடையில் வேலை செய்த லெட்சுமணன். அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பெண் பார்க்க வந்துவிட்டார், கழற்ற மறந்துபோய். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அப்பாதான் பூக் கட்டினார். வெள்ளை வந்தது. இரண்டாவது பொட்டலத்தை அப்பா எடுத்துப் போய் ஓடையில் விட்டார். நான் பிரித்துப் பார்க்கக் கேட்கவில்லை. அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. வீட்டில் தவழுகிற பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அம்மா வேண்டாம் என்றாள், நான் விட்டுவிட்டேன். நன்றாகத்தானே இருக்கிறேன்? ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கவில்லையா?

இந்தக் கதையைக் கௌசிக்குப் போன வாரம்தான் சொன்னேன். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் செய்த மாதிரி.

அதோ, கேட்கிறதா? பாட்டு. கீழ் வளைவில் ஏறுகிறான். இன்றைக்குமா இவ்வளவு சத்தமாகப் போட வேண்டும்? பாருங்கள், லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடுகிறார்கள், பணிஸ் வரும் என்று.

நீங்கள் கமிட்டியைக் கூட்டி என்னைப் பூக் கட்ட வேண்டாம் என்று சொல்லலாம். நியாயம்தான். ஆனால் என்னைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள் அண்ணே. நான் ஆட்களுக்கு அவர்களுடைய பலத்தைக் காட்டினேன். கௌசிக்கும் அதைத்தான் செய்தேன். அவள் உயர வேண்டும் என்பதற்காகத்தான். வட்டவளை என்ன, சந்திரனுக்கே போகட்டும். எனக்கு அதில் சந்தோஷம்தான். எனக்கென்று நான் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. இந்த ஆயுளில் ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

இதோ வந்துவிட்டாள். அரக்குச் சேலை நான் சொன்ன மாதிரியே எடுப்பாக இருக்கிறது. கூந்தலில் என் வாசல் ரோஜா, இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் வெள்ளை. குறும்புக்காரி. கையில் பை. வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது, பாட்டு மட்டும் நிற்கவில்லை. அவள் வெளியே கையைக் காட்டுகிறாள். பாட்டு நிற்கிறது.

"தலைவர் மாமா, கெளம்புவமா?" என்று உங்களைக் கேட்கிறாள். பிறகு என் பக்கம் திரும்புகிறாள். பையைக் கீழே வைத்துவிட்டு, நான் உட்கார்ந்திருக்கும் ஸ்டூலுக்கு முன்னால், புதுச் சேலை கசங்கும் என்றுகூடப் பார்க்காமல் குந்துகிறாள்.

"எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான்க்கா இருந்தேன். மூணாவதுக்கு மட்டும் காரணம் சொல்லல நீ. சாமி சொன்னதெல்லாம் போதும். பூவும் வேணாம். நீ என்ன சொல்ற? ஒன் வாயால சொல்லு, கேட்டுட்டுப் போறேன்."

நான் அவள் கூந்தலில் சாய்ந்திருந்த வெள்ளை ரோஜாவைச் சரியாகச் செருகிவிடுகிறேன். உத்தரவு கொடுத்துக் கொடுத்துப் பழகின எனக்கு, ஒருவரிடம் ஒன்றைக் கேட்பது இத்தனை கஷ்டம் என்று தெரியாமல் போய்விட்டது.

"எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு கௌசி. என்ன விட்டுட்டுப் போகாத."